முதல் வரி

ஹோமா பே பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
பல் மருத்துவரின் மாடிக்குக் கீழே,
ஆறு கணினிகள். அதில் நான்கு ஓடும்.
அச்சுப் பக்கத்துக்கு முப்பது ஷில்லிங்,
படிவம் நிரப்ப ஐம்பது.

ஒரு வாரமாகப்
பள்ளி முடித்த பிள்ளைகள் வருகிறார்கள்,
மதிப்பெண் தாளை நான்காய் மடித்துக்கொண்டு.
"அக்கா, சி பிளஸுக்கு என்ன கிடைக்கும்?"
சில்லறையை நீட்டி
இதுக்கு என்ன வரும் என்று கடையில் கேட்பது மாதிரி.

நான் ஆலோசகர் இல்லை, தட்டச்சு செய்கிறவள்.
ஆனாலும் சொல்லியிருக்கிறேன்:
நில அளவைக்குக் கணக்கு வேண்டும்,
செவிலியத்துக்கு உயிரியல்,
அப்பாவுக்குப் பிடித்ததைப் போடுவதற்கு
ஒன்றும் வேண்டாம்.

மறந்துபோகிறார்கள் என்று
எல்லோருடைய கடவுச்சொல்லையும்
நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.
இருநூற்றுப் பதினேழு.
பாதிப் பேருக்குக் கால்பந்து அணியின் பெயர்.
ஒருத்திக்கு மட்டும் 'போய்விடுவேன்2'.

கடைசி நாள். நள்ளிரவில் தளம் மூடிவிடும்.
ஒன்பதரைக்கு ஒரு அம்மாள்;
அவளுக்கு முன்னால் மீன்வாடை உள்ளே வந்தது.
கையில், சோப்பு அட்டையின் முதுகில் எழுதிய
மகனின் தேர்வு எண்.
ஒடேரா.
போன செவ்வாய் அந்த மூன்றாம் நாற்காலியில்
நகத்தைக் கடித்துக் கடித்து
புள்ளியியல் என்று முதல் வரியில் போட்டவன்.

"புள்ளியியலாம். என்னடி அது?"
எண்ணிக் கணக்குப் பார்க்கிற படிப்பு என்றேன்.
"பதினாறு வருஷமா
ஓமேனா மீனை டின் டின்னா அளந்து போடுறேன்.
எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?"

செவிலியம் என்று மாற்ற வேண்டும்.
அவள் தங்கை மகள் வெளிநாட்டில் செவிலி.
பனியில் நிற்கிற படம் அனுப்புகிறாள்,
மாதம் தவறாமல் பணமும்.
மேசையில் இருநூறு ஷில்லிங் வைத்தாள்.
தாள் ஈரமாக இருந்தது.
"அவனுக்குத் தெரிய வேண்டாம்."

நோட்டு என் முழங்கைக்கு அடியில்.

ஒடேராவுக்கு போன் போட்டேன். மூன்று முறை.
"ஏரிக்குப் போயிருக்கான்" என்றாள்,
"விளக்குப் படகு. விடிஞ்சாத்தான் வருவான்."
அதற்காகத்தான் இந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

அவன் பக்கத்தைத் திறந்தேன்.
எழுத்தைப் பெரிதாக்கித்
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடி மேல் விரலை வைத்து வாசித்தாள்,
ஊர், பள்ளி, பிறந்த நாள்.
பாதுகாவலர்: அவள் பெயர்.
தொழில்: மீன் வணிகர்.
விரல் அங்கேயே நின்றது.

"இது யாரு போட்டது?"

மீன் விற்பவர் என்று நான்தான் அடித்தேன்.
அழித்துவிட்டு வணிகர் என்று போடச் சொன்னான்.

மேலே பல் மருத்துவர் ஷட்டரை இழுத்து மூடினார்.
மின்விசிறி ஒரு சுற்று தயங்கி மறுபடி சுழன்றது.
"ரெண்டாவது வரி காலியா இருக்கே."
காலிதான்.
"அதுல செவிலியம் போடு.
மேல இருக்கிறது இருக்கட்டும்."

நூற்றைம்பதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்,
இரண்டு தடவை எண்ணி.

போட்டேன்.
அவனைக் கேட்காமல் போட்டேன்.
சரியா தப்பா என்று யோசிப்பதற்குள்
அவள் தெருவில் இறங்கி
மோட்டார் சைக்கிள்காரனோடு
கட்டணப் பேரம் பேசத் தொடங்கியிருந்தாள்.
காலையில் ஒடேரா வந்தால்
எந்த முகத்தோடு சொல்வது?

பதினொன்று நாற்பத்தொன்பது.
கடையில் நான் மட்டும்.
போன வருஷம் இதே இரவில் மின்சாரம் போய்
திரும்பி வந்தபோது தளம் மூடியிருந்தது.
அப்போது கடவுச்சொல்லில் எண் ஒன்று,
இப்போது இரண்டு.
இதற்கு நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் வரியில் சின்னக் கோடு
விட்டு விட்டு மின்னுகிறது.
ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம்
பார்க்காமலே அடித்துத் தள்ளிய விரல்கள்
ஒவ்வோர் எழுத்தாய்த் தேடுகின்றன.